ஃபிட்டர் படிச்ச பையன் ஏன் செல்போன் லைன்ல நிக்கிறான்? திரும்ப ஃபிட்டர் ஆக முடியுமா?

பண்ருட்டி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது: "என் தம்பி கவர்மென்ட் ஐடிஐல ஃபிட்டர் முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. நல்ல மார்க். முடிச்ச கையோட ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில சேந்தான், அங்க ஃபிட்டர் வேலை எதுவும் இல்ல, லைன்ல நின்னு ஸ்க்ரூ போடுற வேலை தான். காண்ட்ராக்ட் முடிஞ்சதும் அனுப்பிட்டாங்க. இப்ப சென்னைல சாப்பாடு டெலிவரி ஓட்டுறான். கூட படிச்சவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேரத் தவிர யாரும் படிச்ச வேலைல இல்லனு சொல்றான். ஊர்ல ஒருத்தர் வெளிநாட்டுக்கு ஃபிட்டர் விசா இருக்கு, ஒன்றரை லட்சம் ஆகும்னு சொல்றார், அப்பா நகைய வச்சு அனுப்பிடலாம்னு நினைக்கிறார். ரெண்டு வருஷப் படிப்பு வீணா? என்ன பண்றது?"

ஃபிட்டர்ங்கறது மெஷின் பாகங்கள அளவு பாத்து செஞ்சு பொருத்தற வேலை. முதல்ல பதில சொல்லிடறேன், காரணத்த அப்புறம் பேசலாம். படிப்பு வீணாகல, நகைய வைக்க வேண்டாம், அந்த விசா ஆள்கிட்ட ஒரு பைசா குடுக்காதீங்க, தம்பி இன்னும் ஒரு வருஷம் அப்ரென்டிஸா, அதாவது ஃபேக்டரில வேலை பாத்துக்கிட்டே பழகுற பயிற்சிக்கு, போனா ஃபிட்டர் வேலைக்கு திரும்ப வந்துடலாம். ஆனா எந்த அப்ரென்டிஸ்ங்கறதுல தான் விஷயமே இருக்கு, அத கீழ விவரமா சொல்றேன். நான் ஐடிஐல பாடமும் எடுத்திருக்கேன், அப்புறம் ஃபேக்டரில அப்ரென்டிஸ் பசங்கள எடுக்குற பக்கமும் இருந்திருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

இப்ப ஏன் இப்படி ஆகுதுனு பாப்போம். பையனுக்கு ஆர்வம் இல்ல, கஷ்டப்பட மாட்டேங்கறான், இந்தக் காலத்துப் பசங்க அப்படினு வீட்ல பேசுவாங்க. அது பெரும்பாலும் தப்பு. ஐடிஐ கேட்டுக்கு வெளிய ஒட்டியிருக்குற நோட்டீஸ படிச்சிருக்கீங்களா? "ஐடிஐ எனி ட்ரேட், டிப்ளமோ, பிளஸ் டூ, 18 முதல் 25 வயது வரை, உணவு, தங்கும் இடம், பஸ் இலவசம்". அந்த "எனி ட்ரேட்"ங்கற வார்த்தைய கவனிங்க, ஐடிஐல எந்தத் தொழில் பிரிவு படிச்சிருந்தாலும் சரினு அர்த்தம். ஃபிட்டரா, வெல்டரா, எலக்ட்ரீஷியனா, கம்ப்யூட்டர் படிச்ச கோபாவானு அவங்களுக்கு கவலையே இல்ல. அந்தக் கம்பெனிக்கு வேணும்ங்கறது கைத்திறமை கிடையாது, 18 வயசு முடிஞ்ச, ரெண்டு வருஷம் காலைல நேரத்துக்கு வந்து பழகின, ஷிஃப்ட்டுக்கு நிக்கிற ஒரு ஆள். அதுக்கு ஐடிஐ சர்ட்டிபிகேட் ஒரு அடையாளம், அவ்ளோதான். சர்ட்டிபிகேட்ல ஃபிட்டர்னு இருக்குறத எச்ஆர்ல யாரும் ரெண்டாவது தடவ பாக்குறதே இல்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, ஏன்னா ஒரு பையன ஃபிட்டராக்க ஆகுற உழைப்பு எவ்ளோனு கூட இருந்து பாத்தவன் நான்.

அந்த உழைப்பு என்னனு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது, சொல்றேன். முதல் வருஷம் ஒரு இரும்புப் பட்டைத் துண்ட வைஸ்ல (இறுக்கிப் புடிக்கிற கருவி) புடிச்சு ஃபைல் போட, அதாவது அரத்தால தேய்க்க சொல்லுவோம். முதல்ல ரஃப் ஃபைல், அப்புறம் ஸ்மூத் ஃபைல், நடுவுல நடுவுல ட்ரை ஸ்கொயர (மட்டமும் மூலையும் சரியானு பாக்குற மூலைமட்டம்) வச்சு ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கணும், அடில வெளிச்சம் கசிஞ்சா அந்த இடம் பள்ளம், திரும்பப் போடணும். ஆரம்பத்துல எல்லாப் பசங்களுக்கும் ஓரம் ரெண்டும் தேஞ்சு நடுவுல மேடாத்தான் வரும். உள்ளங்கைல கொப்புளம் வரும், ஆறும், காய்ச்சுப் போகும். அப்புறம் ஆண் பெண் துண்டு ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஆடாம போய் உக்காரணும். மார்க்கிங், ட்ரில்லிங், டேப்பிங், ஸ்க்ரேப்பிங், ரெண்டாவது வருஷம் பேரிங், பம்ப், வால்வு, ஹைட்ராலிக்ஸ், நியூமேட்டிக்ஸ். இவ்ளோவும் கத்துக்கிட்ட பையன் லைன்ல ஒரே டார்க் டிரைவர புடிச்சுக்கிட்டு ஷிஃப்ட் முழுக்க ஒரே ஸ்க்ரூவ முடுக்குறான். ஆறு மாசத்துல ஃபைல் புடிச்ச கை மறந்துடும், ஒரு வருஷத்துல வெர்னியர் (நுணுக்கமா அளக்குற கருவி) பாக்குறது மறந்துடும்.

சரி, ஃபிட்டர் வேலைக்கே ஏன் போகல? காரணம் ஒண்ணு இல்ல, பல சேந்தது. ட்ரேட் தேர்ந்தெடுக்குறதே பாதிப் பேருக்கு தேர்ந்தெடுக்குறது கிடையாது, கவுன்சிலிங்ல மார்க் வரிசைப்படி கூப்பிடும்போது அந்த ஐடிஐல எந்த சீட் மிச்சம் இருக்கோ அது, இல்லனா வீட்ல இருந்து பஸ் போற ஐடிஐல என்ன இருக்கோ அது. எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் தான் நாடு முழுக்கவே கூட்டம் அதிகமான ட்ரேட், வருஷா வருஷம் வெளிய வர்ற எல்லாருக்கும் ஃபிட்டர்ங்கற பேர்ல வேலை இருக்காது. அதோட ஐடிஐ எல்லா மாவட்டத்துலயும் இருக்கு, கம்பெனி அப்படி இல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோயம்புத்தூர், அம்பத்தூர், இப்படி ஒரு சில இடத்துல தான் கூட்டமா இருக்கு. கடலூர் மாவட்டத்துல இருந்து கோயம்புத்தூர் கணபதில ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்கு போகணும்னா ரூம் வாடகை, மெஸ் காசு எல்லாம் பையன் கைல இருந்து போகணும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஹாஸ்டலும் சாப்பாடும் குடுத்து பஸ்ஸும் விடுது. வீட்ல தங்கச்சி படிக்கிறா, அப்பாவுக்கு கடன் இருக்கு, முதல் மாசமே பணம் அனுப்பணும்னா பையன் எங்க போவான்? அவன் எடுத்தது தப்பான முடிவுனு நான் சொல்ல மாட்டேன்.

அப்ரென்டிஸ் ஸ்டைபண்ட், அதாவது பயிற்சில குடுக்குற மாசப் பணம், அதோட கதையும் இது தான். அப்ரென்டிஸ் சட்டம் 1961-ல வந்தது. 2019-ல விதிய திருத்தினப்போ ஐடிஐ முடிச்சவங்களுக்கு குறைந்தபட்சம் மாசம் 7,000 ரூபாய்னு வச்சாங்க. இதுக்கு மேல குடுக்குற கம்பெனி நிறைய இருக்கு, ஆனா பல பேர் அந்தக் குறைந்தபட்சத்துலயே நிப்பாட்டிடறாங்க. வீட்ட விட்டு வெளிய தங்குற பையன் அதுல என்ன பண்ணுவான், லைன் ஆப்பரேட்டர் வேலைல இதவிட தெளிவா அதிகமா வருது, டெலிவரி ஓட்டினா அன்னன்னிக்கே கைல காசு. ஒரு வருஷம் குறைஞ்ச காசுல தாக்குப்பிடிக்க முடிஞ்ச குடும்பத்துப் பையன் ட்ரேட்ல நிக்கிறான், முடியாதவன் வெளிய போறான். நான் பாத்த வரைக்கும் மார்க், புத்திசாலித்தனம் எல்லாத்தையும் விட இந்த ஒரு வருஷம் தான் ஆளப் பிரிக்குது.

இன்னொரு கூட்டம் இருக்கு, கவர்மென்ட் வேலைக்குக் காத்திருந்தே ட்ரேட விட்டவங்க. ரயில்வேல அசிஸ்டன்ட் லோகோ பைலட், டெக்னீஷியன் ரெண்டுக்கும் ஐடிஐ கேக்குறாங்க, ஃபிட்டருக்கு நல்ல வாய்ப்பு தான். ஆனா நோட்டிஃபிகேஷன் வர்ற இடைவெளிய பாருங்க. 2018-ல ரெண்டு போஸ்டுக்கும் சேத்து 26,502 இடம்னு விட்டு அப்புறம் 64,371-ஆ ஏத்தினாங்க. அதுக்கு அடுத்த நோட்டிஃபிகேஷன் 2024-ல தான் வந்துச்சு, டெக்னீஷியனுக்கு 9,144-னு அறிவிச்சு பின்னாடி 14,298-ஆ ஆக்கினாங்க. நடுவுல ஆறு வருஷம்! 2019-ல முடிச்ச ஒரு பையன் கோச்சிங் சென்டர்லயும் டீக்கடை பெஞ்ச்லயும் பொது அறிவு படிச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் இருந்தான்னு வைங்க, பரீட்சைல வரலனா அதுக்கப்புறம் எந்த மெஷின் ஷாப்லயும் அவன ஃப்ரெஷரா எடுக்க யோசிப்பாங்க. பரீட்சை எழுதறது நல்லது தான், எழுத வேண்டாம்னு சொல்லல, ஆனா ட்ரேட்ல ஒரு வேலைல இருந்துக்கிட்டே எழுதணும்.

கம்பெனிக்காரங்க பக்கம் ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்லணும். "ஐடிஐ பையனுக்கு ஒண்ணும் தெரியல சார்"னு சொல்லுவாங்க. பழைய லேத், ஒரு மெஷினுக்கு பத்து பசங்க, இன்ஸ்ட்ரக்டர் இடம் காலி, வெட்டிப் பழக இரும்புத் துண்டு பத்தல, இதெல்லாம் பல இடத்துல உண்மை, தனியார் ஐடிஐ சிலதுல வருகைப்பதிவு மட்டும் ஒழுங்கா நடக்கும். தமிழ்நாட்டுல இத சரி பண்ண 71 கவர்மென்ட் ஐடிஐய டாடா டெக்னாலஜிஸோட சேந்து 2,877 கோடில தொழில் 4.0 மையமா மாத்துற வேலைய ஆரம்பிச்சாங்க, ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் மூலமா ஓடுற மெஷின்) எல்லாம் உள்ள வந்திருக்கு, போய்ப் பாத்தா நிஜமாவே சந்தோஷமா இருக்கு. ஆனா மெஷின் வந்தா மட்டும் இந்தப் பிரச்னை தீராது. புது மெஷின்ல படிச்ச பையனையும் அதே "எனி ட்ரேட்" நோட்டீஸ் தான் கேட்ல நின்னு கூட்டிட்டுப் போகுது.

படிச்ச ட்ரேட விட்டு வெளிய போனாலே நஷ்டம்னும் நினைக்காதீங்க. ஃபிட்டர் படிச்சுட்டு லிஃப்ட் மெயின்டெனன்ஸ், கம்ப்ரசர் சர்வீஸ், பம்ப் சர்வீஸ், குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன், இப்படிப் போனவங்க பேப்பர்ல வேற வேலை மாதிரி தெரிஞ்சாலும் கைல இருக்குறது ஃபிட்டர் வேலை தான். நான் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு: மூணு வருஷம் கழிச்சு இந்த வேலைல இருந்து வெளிய வந்தா, உன்கிட்ட இருக்குற எந்தத் திறமைக்கு அடுத்த கம்பெனி அதிக சம்பளம் குடுக்கும்? ஸ்க்ரூ லைன்லயும் டெலிவரிலயும் அதுக்கு பதில் இல்ல. டெலிவரி ஓட்டுறது கேவலம்னு சொல்லல, உழைச்சுத் தான் சம்பாதிக்கிறான், ஆனா மூணாவது வருஷமும் முதல் வருஷ ரேட்டு தான்.

இப்ப தம்பி விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல கை எவ்ளோ மறந்திருக்குனு தெரிஞ்சுக்கணும். இன்டர்வியூல நாங்க கேக்குறது ரெண்டு மூணு தான். வெர்னியர கைல குடுத்து ஒரு துண்ட அளக்க சொல்லுவோம், மெயின் ஸ்கேல்ல 23, வெர்னியர்ல 17-ஆவது கோடு சேருது, லீஸ்ட் கவுன்ட் (அதுல அளக்க முடிஞ்ச மிகச் சின்ன அளவு) 0.02, அப்ப 23.34 மில்லிமீட்டர்னு தயங்காம சொல்லணும். எம்10 டேப் போட, அதாவது 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஓட்டைக்குள்ள மரை வெட்ட, எந்த ட்ரில்னா 8.5-னு வரணும். ஒரு டிராயிங்க குடுத்து இந்தப் பக்கத்துல இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு கேப்போம். இதுல தடுமாறினா, தம்பிய ஒரு மாசம் அவன் படிச்ச ஐடிஐக்குப் போய் சாரப் பாக்க சொல்லுங்க. பழைய மாணவன் வந்து "சார் கொஞ்சம் பழகிக்கிறேன்"னு கேட்டா பெரும்பாலான இன்ஸ்ட்ரக்டருங்க மனசு இறங்கிடுவாங்க, அந்த ஐடிஐல யார் ஆள் கேட்டு ஃபோன் பண்றாங்கனும் அவங்களுக்குத் தான் முதல்ல தெரியும்.

அடுத்தது தான் நான் மேல சொன்ன முக்கியமான இடம். அப்ரென்டிஸ்னு சொல்லி எடுக்குற எல்லாமே ஒண்ணு இல்ல. மத்திய அரசோட அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டல்ல பதிவு பண்ணி, கம்பெனியும் பையனும் ஒப்பந்தம் போடணும், அந்த ஒப்பந்தத்துல ட்ரேட் என்னனு ஒரு வரி இருக்கும், அத படிங்க. "டெசிக்னேட்டட் ட்ரேட் (அரசு அறிவிச்ச ட்ரேட்), ஃபிட்டர்"னு இருந்தா அது நீங்க தேடுறது. ஐடிஐ முடிச்ச ஃபிட்டருக்கு ஒரு வருஷம், முடிவுல அகில இந்திய பரீட்சை, பாஸ் ஆனா நேஷனல் அப்ரென்டிஸ்ஷிப் சர்ட்டிபிகேட், அதாவது என்ஏசி. "ஆப்ஷனல் ட்ரேட்"னு போட்டு அசெம்பிளி ஆப்பரேட்டர் மாதிரி ஒரு பேர் இருந்தா அது அந்தக் கம்பெனி லைனுக்கான பயிற்சி, சட்டப்படி சரி தான், ஆனா தம்பிய ஃபிட்டர் ஆக்காது. போர்ட்டல்ல ஒப்பந்தமே இல்லாம "ட்ரெய்னி"னு ஐடி கார்டு மட்டும் குடுத்தா அப்ரென்டிஸ்ஷிப்பே இல்ல, ஒரு வருஷம் கழிச்சு சர்ட்டிபிகேட்னு கேட்டா கைய விரிச்சிடுவாங்க. சேர்ற அன்னிக்கே கேட்டு வாங்குங்க, கூச்சப்படாதீங்க.

எங்க தேடறது? உங்களுக்கு வாசல்லயே நெய்வேலி இருக்கு. அங்க இருக்குற நிலக்கரி நிறுவனம் என்எல்சில ட்ரேட் அப்ரென்டிஸ் எடுக்குறாங்க, ஃபிட்டரும் அதுல உண்டு, வீட்ல இருந்து போய்ட்டு வரலாம், ரூம் வாடகை மிச்சம். முன்னாடி சொன்னேன்ல, அந்த ஒரு வருஷத்த தாக்குப்பிடிக்கறது தான் சவால்னு, வீட்டுக்குப் பக்கம்ங்கறது அதுல பாதிய தீத்துடும். திருச்சி பெல், ஆவடி டேங்க் ஃபேக்டரி, பெரம்பூர் ஐசிஎஃப் இதுங்களயும் பாக்கலாம். தெற்கு ரயில்வே பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் ஒர்க்‌ஷாப்புகளுக்கு அப்ரென்டிஸ் எடுக்கும்போது எழுத்துத் தேர்வு கிடையாது, பத்தாவது மார்க்கும் ஐடிஐ மார்க்கும் வச்சு மெரிட் லிஸ்ட் தான், தம்பி நல்ல மார்க்னு சொன்னதால கண்டிப்பா போடணும். ஐடிஐ முடிச்சவங்களுக்கு வயசு வரம்பு 24, ஓபிசிக்கு மூணு வருஷமும் எஸ்சி எஸ்டிக்கு அஞ்சு வருஷமும் தளர்வு உண்டு. ரயில்வேல அப்ரென்டிஸ் முடிச்சா நிரந்தர வேலை நிச்சயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அப்படி கிடையாது, ஆனா குரூப் டினு நம்ம சொல்ற லெவல் 1 வேலைல 20 சதவீதம் இடம் ரயில்வே அப்ரென்டிஸ் முடிச்சவங்களுக்குனு ஒதுக்கியிருக்காங்க, அது பெரிய விஷயம்.

பெரிய கம்பெனில கிடைக்கலனா மனசு விடாதீங்க. கடலூர் சிப்காட்ல கெமிக்கல் பிளான்ட்டுங்க இருக்கு, அங்க மெயின்டெனன்ஸ் செக்‌ஷன்ல இருக்குற ஃபிட்டர் வேலை தான் சிலபஸ்ல இருக்குறதுக்கு ரொம்ப கிட்ட இருக்கும். பம்ப்ல கசிவ தடுக்குற கிளாண்ட் பேக்கிங் மாத்தறது, மோட்டாரும் பம்ப்பும் நேர்கோட்டுல இருக்கானு அலைன்மென்ட் பாக்கறது, பேரிங் சத்தத்த வச்சே போகப்போகுதுனு கண்டுபுடிக்கறது, இதெல்லாம் அங்க தினசரி வேலை. பாதுகாப்பு விஷயத்துல மட்டும் கவனம், கெமிக்கல் லைன கழட்டும்போது பெர்மிட் இல்லாம கைய வைக்கக் கூடாதுனு தம்பிக்கு அழுத்திச் சொல்லுங்க. இதுவும் இல்லனா சின்னப் பட்டறை. பத்து பேர் வேலை பாக்குற ஒரு டூல் ரூம்ல (மத்த ஃபேக்டரிக்கு வேணுங்கற கருவிங்க செய்யற இடம்) ரெண்டு வருஷம் இருந்த பையன், பெரிய கம்பெனி லைன்ல அஞ்சு வருஷம் நின்ன பையனவிட அதிகம் தெரிஞ்சவனா வருவான், இத நான் பல தடவ பாத்திருக்கேன். சம்பளம் கம்மி, டீ கூட நம்ம தான் வாங்கிட்டு வரணும், ஆனா மொதலாளியே பக்கத்துல நின்னு வேலைத் துண்ட சரியான இடத்துல புடிச்சு வைக்கிற ஜிக், ஃபிக்சர் எப்படி செட் பண்றதுனு சொல்லித் தருவார்.

படிக்கணும்னு ஆசை இருந்தா பாலிடெக்னிக்ல நேரடியா ரெண்டாம் வருஷம் சேரலாம், ரெண்டு வருஷ ஐடிஐ அதுக்குப் போதும். நல்ல வழி தான், ஆனா டிப்ளமோ முடிச்சுட்டும் "எனி ட்ரேட்" லைனுக்கே வந்து நிக்கிற பசங்களும் இருக்காங்க, அதனால என்ஏசி முடிச்சுட்டு படிச்சா அதிக பலன்.

கடைசியா அந்த வெளிநாட்டு விசா. இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. வளைகுடா நாட்டு ஆயில், கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலைல ஃபிட்டர்னு கேட்டா அது பெரும்பாலும் பைப் ஃபிட்டர், இல்லனா ஸ்ட்ரக்சரல் ஃபிட்டர். பைப் போற பாதைய காட்டுற ஐசோமெட்ரிக் டிராயிங் படிச்சு, பைப்ப வெட்டி, எல்போ, ஃபிளான்ஜ்னு இணைப்புத் துண்டுங்கள வச்சு வெல்டருக்கு ஃபிட்டப் பண்ணிக் குடுக்கற வேலை. நம்ம ஐடிஐ ஃபிட்டர் பெஞ்ச்ல ஃபைல் போட்டுப் பழகினவன், அனுபவம் இல்லாம போனா அங்க டெஸ்ட்ல நிக்க மாட்டான், ஹெல்பரா மாத்திடுவாங்க, சம்பளமும் ஹெல்பர் சம்பளம் தான். ட்ரேட் டெஸ்ட்டே வைக்காம ஃபிட்டர் விசா தர்றேன்னு ஒருத்தர் சொன்னா அங்கயே சந்தேகப்படணும். பதிவு பண்ண ஏஜென்ட் வாங்க அனுமதி இருக்குற சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தான். ஒன்றரை லட்சம் கேக்குறவர்கிட்ட லைசன்ஸ் நம்பர் கேளுங்க, மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல அந்த நம்பர் இருக்கானு பாருங்க. அப்பாகிட்ட இத படிச்சுக் காட்டுங்க. வெளிநாடு போகவே கூடாதுனு இல்ல, என்ஏசியும் ரெண்டு மூணு வருஷம் பிளான்ட் அனுபவமும் இருந்தா அப்ப தம்பி ஃபிட்டராவே போகலாம், பேரம் பேசியும் போகலாம்.

இந்த வாரமே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. தம்பியோட ஐடிஐ சர்ட்டிபிகேட்டயும் ஆதாரயும் பத்தாவது மார்க் ஷீட்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பேர்ல ஒரு எழுத்து, இனிஷியல் முன்ன பின்ன, பிறந்த தேதி, எது மாறியிருந்தாலும் அப்ரென்டிஸ் போர்ட்டல்ல ஒப்பந்தம் போடும்போது மாட்டிக்கும். இனிஷியல் பிரச்னை நம்ம ஊர்ப் பசங்களுக்கு ரொம்ப சகஜம். ஆதார்ல தப்புனா ஆதார் சென்டர்ல மாத்திடலாம், ஐடிஐ சர்ட்டிபிகேட்ல தப்புனா படிச்ச ஐடிஐ ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும், அதுக்கு நாள் புடிக்கும், அதனால நோட்டிஃபிகேஷன் வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே குடுத்து வச்சிடுங்க.